எனக்கும் ஒரு வியாழக்கிழமை

(முதியோர் தினத்தையொட்டி நடந்த நலம் விரும்பிகள் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



அக்டோபர் மாதம் முதல் தேதியை முதியோருக்கான நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1990-ஆம் ஆண்டு அறிவித்தது. அந்த நாளில் வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? முதியோர் இல்லத்துக்குப் போகிறோம். வேட்டி, சேலை, பழம், பிஸ்கட் கொடுக்கிறோம். இரண்டு பாட்டுப் பாடி, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். இதைக் குறை சொல்ல நான் இங்கே எழுந்து நிற்கவில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படிப் போய் வந்தவன்தான். ஆனால் வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும் கொடுக்கிற கை நம்முடையது. ஏந்துகிற கை முதியவருடையது. ஒரு படத்திலாவது அந்தப் பாட்டி கொடுக்க, நாம் வாங்கிக்கொள்வதைக் காண முடியாது.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே நம் தேசத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள். இத்தனை கோடிப் பேரையும் ஏந்துகிற கைகளாகவே நினைப்பது சரிதானா? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். அவரைக் குறித்தும், அவர் விஷயத்தில் நான் செய்த இரண்டு தவறுகளைக் குறித்தும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெயர் வேண்டாம். ஊரில் எல்லாரும் அவரைப் போஸ்ட்மாஸ்டர் ஐயா என்றே அழைப்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம். தபால் இலாகாவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் வீட்டில் இருந்தார். மருமகள் நல்ல பிள்ளை. சாப்பாட்டுக்கோ மருந்துக்கோ குறைவில்லை. ஆனாலும் ஒரு வாரம் தலைசுற்றல் என்று வருவார். அடுத்த வாரம் நெஞ்சு படபடப்பு. அதற்கடுத்த வாரம் தூக்கம் இல்லை என்பார். இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் பரிசோதித்தார்கள். இரத்த அழுத்தம் கொஞ்சம் உண்டு, அதற்கு மாத்திரையும் உண்டு. வேறு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் மருத்துவர், "ஐயா, நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க" என்று என்னிடம் அனுப்பிவைத்தார்.

பேசினேன். இறையியல் கல்லூரியில் கற்றுக்கொடுத்தபடி பொறுமையாகக் கேட்டேன். ஜெபித்தேன். எழுந்து போகும்போது அவர் என்னைப் பார்த்து, "ஐயா, எனக்கு இங்க ஏதாவது வேலை இருக்குமா? சம்பளம் எல்லாம் வேண்டாம்" என்றார். நான் அவர் தோளில் தட்டி, "நீங்க உழைச்சது போதும் ஐயா. இனி ஓய்வா இருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்போடுதான் சொன்னேன். ஆனால் அதுவே என் முதல் தவறு. அந்த மனிதர் தன் வியாதி இன்னதென்று தன் வாயாலேயே சொன்னார். அது என் காதில் விழவில்லை.

நாலைந்து மாதம் கழிந்தது. வியாழக்கிழமைதோறும் நமது மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கான நாள் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்தகத்துக்கு முன்னால் வரிசை வாசல்வரை நிற்கும். அப்படி ஒரு வியாழனன்று போஸ்ட்மாஸ்டர் ஐயாவும் தம் மாத்திரைக்காக வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு கிராமத்து அம்மா, கையில் நான்கு மாத்திரை உறைகளை வைத்துக்கொண்டு, எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பிள்ளை ஒரு தடவை சொல்லிவிட்டது. இரண்டாம் தடவை சொல்ல நேரமில்லை. மற்றவர்களுக்குப் புரியாத கையெழுத்தையெல்லாம் வாசித்துக் கடிதம் சேர்த்தவர் அல்லவா நமது பெரியவர்! சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மருந்தகத்தில் எழுதியிருந்ததை வாசித்து, காலை மாத்திரை உறையில் ஒரு சூரியனும் இரவு மாத்திரை உறையில் ஒரு பிறையும் வரைந்து கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் தம் உறைகளை நீட்டினார். அன்று மதியம் ஒரு மணிவரை அவர் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் வந்தார். ஆனால் சீட்டுப் போடவில்லை. நேரே அந்தப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். மருந்தகப் பொறுப்பாளர் அவரை அழைத்து, "எழுதியிருப்பதை மட்டும் வாசித்துச் சொல்ல வேண்டும், சந்தேகம் என்றால் உள்ளே அனுப்ப வேண்டும், சொந்தமாக ஆலோசனை சொல்லக்கூடாது" என்று ஒழுங்கு செய்து கொடுத்தார். இப்படியாக அவருக்கு வேலை கிடைத்தது, என்னால் அல்ல.

மூன்று மாதம் கழித்து அவரிடம், "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்கவே முடியாது. "ரிட்டயர் ஆன பிறகு எனக்கு எல்லா நாளும் ஒரே நாளா இருந்துச்சு ஐயா. திங்களும் ஒண்ணுதான், சனியும் ஒண்ணுதான். இப்போ எனக்கும் ஒரு வியாழக்கிழமை வந்துட்டு" என்றார்.

மூட்டு வலி போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. அது போகவும் இல்லை. இரத்த அழுத்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டார். ஆனால் தலைசுற்றல், படபடப்பு என்று வாரந்தோறும் வருவது நின்றுபோயிற்று. வியாழக்கிழமை காலையில் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, ஒரு மைல் தூரம் நடந்து வந்தார். அவர் வராவிட்டால், "ஐயா எங்கே?" என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

இது ஒருவருடைய கதைதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆகவே கற்றறிந்தவர்கள் ஆராய்ந்து கண்டதையும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 423 வயது முதிர்ந்த தம்பதிகளை ஐந்து ஆண்டுகள் கவனித்து, 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறருக்கு உதவியவர்களிடையேயும், துணைவருக்கு மன ஆதரவாக இருந்தவர்களிடையேயும், மரணம் குறைவாக இருந்தது. உதவியைப் பெற்றதால் மட்டும் அப்படிப்பட்ட பலன் காணப்படவில்லை. 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஐம்பது வயதைக் கடந்த ஏறக்குறைய 13,000 பேரைப் பற்றியது. ஆண்டுக்கு 100 மணி நேரத்துக்குக் குறையாமல் தொண்டு செய்தவர்களிடம் மரணமும், உடல் இயக்கக் குறைவும், தனிமை உணர்வும் குறைவாக இருந்தன. வாழ்வுக்கு ஒரு நோக்கம் உண்டு என்ற எண்ணம் மிகுந்திருந்தது. ஆனால் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டுவாதம் போன்ற வியாதிகளில் வித்தியாசம் தெரியவில்லை. நமது பெரியவரின் மூட்டு வலிக்கும் இதுவே நடந்தது.

இங்கே நமது மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். தொண்டு செய்வதால் நலமாக இருக்கிறார்களா, அல்லது நலமாக இருப்பவர்கள்தான் தொண்டு செய்ய வருகிறார்களா? நியாயமான கேள்வி. படுக்கையில் இருப்பவர் வியாழக்கிழமை நடந்து வர முடியாதல்லவா? 2013-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த இங்கிலாந்து நாட்டு அறிஞர்களும், தொண்டு செய்வோரிடம் மனச்சோர்வும் மரணமும் குறைவு என்று கண்டாலும், தொண்டுதான் அதற்குக் காரணம் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றே எழுதினார்கள்.

இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் தந்தது அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் லிண்டா ஃபிரைட் என்னும் முதியோர் நல மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த முயற்சி. அறுபது முதல் எண்பத்தாறு வயது வரையுள்ள 128 பேர் தொண்டு செய்ய முன்வந்தார்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் உடனே ஆரம்பப் பள்ளிகளுக்குச் சென்று, வாரம் 15 மணி நேரம் சிறு பிள்ளைகளுக்கு வாசிக்க உதவினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். இருசாராரும் மனம் உள்ளவர்களே. வித்தியாசம் வேலை மட்டுமே. சில மாதங்களில் பள்ளிக்குப் போனவர்களின் நடமாட்டமும் உடல் பலமும் கூடின. உதவி என்றால் கூப்பிடத்தக்க மனிதர்களின் எண்ணிக்கை அதிகமாயிற்று. தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம் குறைந்தது. 2004-இல் இது வெளியாயிற்று.

இப்போது என் இரண்டாம் தவறுக்கு வருகிறேன். இதை நன்கொடையாளர்கள் முன்னால் சொல்லச் சற்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் மறைப்பது நியாயமல்ல.

போஸ்ட்மாஸ்டர் ஐயா நன்றாகச் செய்கிறார் என்று கண்டதும், திங்கட்கிழமை கண் மருத்துவப் பிரிவுக்கும் வாருங்கள் என்றேன். பிறகு வெள்ளிக்கிழமை கர்ப்பிணிப் பெண்கள் வரும் நாளுக்கும் அழைத்தேன். அதன் பிறகு பழைய கோப்புகளை அடுக்கும் வேலை. அவர் எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. நான் அவரை ஆலயத்தில் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினேன். ஒரு சித்திரை மாத மதியம் அவர் மாடிப்படி அருகே மயங்கி விழுந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. மாலையில் மருமகள் வந்தார். என்னை மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, மாமா வீட்டுல இருந்தா நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிடுவாங்க. இப்போ அதுவும் இல்ல. உங்களுக்கு ஆள் வேணும்னா சம்பளத்துக்கு ஆள் போடுங்க" என்றார்.

அந்தப் பெண் சொன்னது முழு உண்மை. அப்போது அந்தப் பிரிவுகளில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. ஆள் போடப் பணமில்லாத குறையை ஒரு முதியவரின் நல்மனத்தை வைத்து நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். தொண்டு என்ற நல்ல பெயர் அதற்கு! பின்பு அந்த இடங்களில் ஒன்றுக்கு ஆள் நியமிக்க உங்களில் சிலருடைய காணிக்கை உதவியது. அதற்காக இன்று பகிரங்கமாக நன்றி சொல்லுகிறேன்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். 65 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களைக் குறித்து 1999-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: ஆண்டுக்குச் சுமார் 40 மணி நேரம்வரை, ஒரே நிறுவனத்தில், மிதமாகத் தொண்டு செய்தவர்களிடமே நன்மை தெளிவாகத் தெரிந்தது. அதிலும், அக்கம்பக்கத்தாரோடு அதிகம் பழகாதவர்களுக்கே பலன் மிகுதி. இன்னொரு காரியத்தையும் 2012-இல் கண்டார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-இல் பள்ளிப்படிப்பை முடித்தவர்களை முதுமைவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. பிறருக்கு உதவ வேண்டும் என்ற நோக்கத்தோடு தொண்டு செய்தவர்களிடம் மரணம் குறைவு. தன் நலனுக்காக, தன் கவலையை மறப்பதற்காக என்று செய்தவர்களுக்கோ, தொண்டே செய்யாதவர்களைக் காட்டிலும் மேன்மை ஒன்றும் இல்லை. ஆகவே ஆயுசு கூடும் என்று எண்ணி யாரும் வர வேண்டாம். இந்த மரத்தின் கனி, கனியைத் தேடாதவனுக்கே கிடைக்கிறது.

நமக்கு அண்டை மாநிலமாகிய கேரளத்தில் இதற்கு ஒரு நல்ல மாதிரி உண்டு. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலியில் கிடக்கிற நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்பு ஊர் ஊராகச் சாதாரண மக்களைச் சேர்த்து, அயலாரே அயலாரைக் கவனிக்கும் ஒழுங்கை உண்டாக்கினார்கள். வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக் கூடியவர் யாராயினும் சேரலாம். ஆனால் 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளைச் சந்திக்கும் நான்கு நாள் பயிற்சியும் பெற்ற பிறகே வேலை. வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 மணி நேரம். மேலே நான் சொன்ன 13,000 பேரின் ஆய்வில் வந்ததும் அதே அளவுதான்!

எல்லா முதியோருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, படுத்திருக்கும் கணவரையும் பார்த்துக்கொள்ளுகிற பாட்டியிடம் போய், "நீங்களும் தொண்டுக்கு வாருங்கள்" என்று நான் கேட்க மாட்டேன். அவர் விடியற்காலை முதல் தொண்டுதான் செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு இரண்டு மணி நேரம் யாராவது ஓய்வு கொடுத்தால் அதுவே பெரிய ஊழியம்.

படிப்பு இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். நமது இலவச முகாமில் கண்புரை நீக்கிக்கொண்ட ஓர் ஆச்சி, கட்டுப் பிரித்த சில வாரங்களில் என்னிடம் வந்து, "குடுக்கக் காசு இல்ல ஐயா, கை இருக்கு" என்றார். எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது முகாம் நாட்களில், அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் பெண்களின் பக்கத்தில் அவர் உட்காருகிறார். "எனக்கும் இதே கண்ணுலதான் பண்ணினாங்க. பாரு, இப்போ ஊசியில நூல் கோக்குறேன்" என்கிறார். மருத்துவர் பத்து நிமிடம் விளக்கியும் போகாத பயம் அந்த ஒரு வார்த்தையில் போகிறது. அந்தச் சாட்சியை அவரைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

வேதாகமத்தில் பர்சிலா என்று ஒரு பெரியவர் இருக்கிறார். நாம் அதிகம் பிரசங்கிக்காத மனிதர். தாவீது ராஜா தன் மகனுக்குத் தப்பி ஓடி மக்னாயீமில் தங்கியிருந்தபோது, அவனுக்கும் அவனோடிருந்த ஜனங்களுக்கும் வேண்டியதைக் கொடுத்துத் தாங்கியவர்களில் அவர் ஒருவர். அப்போது அவருக்கு எண்பது வயது. பின்பு ராஜா அவரை எருசலேமுக்கு அழைத்தபோது, தம் வயதையும் பலவீனத்தையும் எடுத்துச் சொல்லி, யோர்தான்மட்டும் வழியனுப்பிவிட்டு, தமக்குப் பதிலாகக் கிம்காம் என்பவனை அனுப்பிவைத்தார். எவ்வளவு அழகான முதுமை! கொடுக்க வேண்டியபோது கொடுத்தார். போதும் என்று சொல்ல வேண்டியபோது சொன்னார். இளையவன் ஒருவனுக்கு இடம் விட்டார்.

மயங்கி விழுந்த பிறகு போஸ்ட்மாஸ்டர் ஐயாவுக்கு வியாழக்கிழமை ஒன்றே என்று முடிவு செய்தோம். காலை இட்லி சாப்பிட்டதை மருமகள் உறுதி செய்தால்தான் வரலாம். பதினொரு மணிக்குச் செவிலியர் அறையிலிருந்து மோர் வரும். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும். இப்படி ஆறு ஆண்டுகள் வந்தார். கடைசி ஆண்டில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரைத் தம் பக்கத்தில் உட்காரவைத்து, சூரியனும் பிறையும் போடக் கற்றுக்கொடுத்தார்.

தம் இறுதி நாட்களில் அவர் நமது ஆண்கள் வார்டில்தான் படுத்திருந்தார். ஒரு காலையில் நான் போனபோது, "இன்னைக்கு வியாழன்தானே ஐயா, கூட்டம் எப்படி?" என்று கேட்டார். "கூட்டம்தான் ஐயா. வாத்தியார் வந்துட்டார்" என்றேன். தலையை அசைத்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மருந்து வாங்க வந்த ஓர் அம்மா, உறையைக் கையில் வைத்துக்கொண்டே வார்டுக்கு வந்து, அவர் கட்டில் அருகே சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். அவருக்கு அந்த அம்மாவின் பெயர் தெரியாது. அந்த வாரமே அவர் சமாதானத்தோடே கண்மூடினார்.

அன்பான நண்பர்களே, உங்களில் அநேகர் தலை நரைத்தவர்கள். ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் அனுப்புகிறீர்கள். அந்தக் காணிக்கையால்தான் ஏழைகளின் கட்டில்கள் காலியாகாமல் இருக்கின்றன. இன்று நான் பணம் கேட்க நிற்கவில்லை. உங்கள் ஊரில் ஒரு மருத்துவமனையோ, பள்ளிக்கூடமோ, படுக்கையில் கிடக்கும் ஓர் அயலாரோ இருந்தால், வாரத்தில் இரண்டு மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். உங்களால் முடிந்த அளவோடு செய்யுங்கள். முடியாதபோது வெட்கப்படாமல் நிறுத்துங்கள். அப்போது பெற்றுக்கொள்ளுவதும் ஒரு கிருபைதான். நிர்வாகத்தில் இருக்கிறவர்களே, முதியோருக்கு வேலை கொடுக்கும்போது நிஜமான வேலையைக் கொடுங்கள். ஒரு நாற்காலியும், தண்ணீரும், திரும்பிப் போகும் நேரமும் சேர்த்துக் கொடுங்கள். சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தில் அவர்களை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வருகிற மே மாதத்தில் நானும் ஓய்வு பெறுகிறேன். மாலை போடுவீர்கள், உழைத்தது போதும் ஐயா என்பீர்கள். அன்போடுதான் சொல்லுவீர்கள் என்று அறிவேன். ஆனால் ஜூன் மாதத்தில் ஒரு நாள் நான் இந்த வாசலில் வந்து நின்று, "எனக்கு இங்க ஏதாவது வேலை இருக்குமா?" என்று கேட்பேன். நான் ஒருவருக்குச் சொன்ன பதிலை எனக்குச் சொல்லாதிருக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

மருந்தகத்துப் பெஞ்சில் எனக்கும் ஒரு பேனா கொடுங்கள். சூரியன் வரைய எனக்கும் தெரியும்.

ஆண்டவர் உங்கள் முதிர்ந்த நாட்களையும் ஆசீர்வதிப்பாராக.